நண்பர் கூட்டாளியா, கடன் கொடுத்தவரா? அதை முதலில் முடிவு செய்யுங்கள்

கேள்வி: ஐயா, எனக்கு வயது 36. சேலத்தில் ஒரு சர்வீஸ் சென்டரில் பல வருடம் ஏசி மெக்கானிக்காக இருந்துவிட்டு, இப்போது சொந்தமாகத் தொடங்கப் போகிறேன். வீட்டு ஏசி, ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின் எல்லாம் பார்ப்பேன். இரண்டு அபார்ட்மென்ட்களும் ஒரு அலுவலகமும் ஏஎம்சி (வருடாந்திரப் பராமரிப்பு ஒப்பந்தம்) தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். உதவிக்கு இரண்டு பையன்கள். வருடத்துக்கு 14 லட்சம் ரூபாய்க்கு பில் போடலாம், எல்லாச் செலவும் போக 6 லட்சம் நிற்கும் என்பது என் கணக்கு. பள்ளித் தோழன் ஒருவன் 3 லட்சம் போடுகிறான். அவன் பார்க்கிற வேலையை விடமாட்டான். லாபத்தில் பாதி வேண்டும் என்கிறான். எழுத்து எதுவும் வேண்டாம், நமக்குள் என்ன என்கிறான். மைத்துனர், பேசாமல் உன் பெயரிலேயே நடத்து என்கிறார். ஒரு கன்சல்டன்ட், பிரைவேட் லிமிடெட் போட்டால்தான் மதிப்பு, வீட்டுக்கும் ஆபத்து வராது என்கிறார். என் பெயரில் இருப்பது ஒரே வீடு. அதற்கும் கடன் ஓடுகிறது. அம்மாவுக்கு அந்த வீட்டைப் பற்றித்தான் பயம். போர்டும் விசிட்டிங் கார்டும் அடிக்கக் கொடுக்க வேண்டும். என்ன செய்யட்டும்?

பதில்: முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்கள் பெயரில் தனிநபர் தொழிலாகத் தொடங்குங்கள். நண்பரின் 3 லட்சத்தை முறையான கடனாக வாங்குங்கள். பிரைவேட் லிமிடெட் இப்போது வேண்டாம். நண்பர் பங்குதான் வேண்டும் என்று நின்றால் எல்எல்பி, அதாவது கூட்டாளிகளின் பொறுப்புக்கு வரம்பு உள்ள பதிவு பெற்ற கூட்டு, போடுங்கள். எதுவாக இருந்தாலும் வாய்ப்பேச்சில் கூட்டு வைக்காதீர்கள்.

உங்கள் கடிதத்தில் எனக்குக் கவலை தந்தது "எழுத்து எதுவும் வேண்டாம்" என்ற வரிதான். பத்திரம் எழுதாவிட்டால் கூட்டு இல்லை என்று பலரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். 1932-ஆம் ஆண்டின் இந்தியக் கூட்டு வணிகச் சட்டம் அப்படிச் சொல்லவில்லை. லாபத்தைப் பங்கிட்டுக்கொண்டு, ஒருவர் நடத்துவது மற்றவருக்காகவும்தான் என்ற ஏற்பாட்டில் தொழில் நடந்தால், ஒரு வரி எழுதாவிட்டாலும் அது கூட்டு வணிகம்தான். எழுதிவைக்காத இடத்தையெல்லாம் சட்டமே தன் விதிகளால் நிரப்பிக்கொள்ளும். அந்த விதிகள் உங்களுக்குச் சாதகமாக இல்லை. வேறு ஒப்பந்தம் இல்லையென்றால், யார் எவ்வளவு போட்டார்கள், யார் எவ்வளவு உழைத்தார்கள் என்று பார்க்காமல் லாபமும் நஷ்டமும் சரிபாதி. தொழிலை நடத்துவதற்காக எந்தக் கூட்டாளியும் சம்பளம் கேட்க முடியாது. வெயிலில் மொட்டை மாடி ஏறி அவுட்டோர் யூனிட்டைக் கழற்றுகிற உங்களுக்கும், மாதக் கடைசியில் கணக்கு மட்டும் கேட்கிற அவருக்கும் ஒரே பங்கு.

உங்கள் கணக்கிலேயே பாருங்கள். 6 லட்சம் நின்றால் அவருக்கு 3 லட்சம். போட்ட பணம் முழுவதும் ஒரே வருடத்தில் அவர் கைக்குத் திரும்பிவிடுகிறது. அடுத்த வருடமும் பாதி, அதற்கடுத்த வருடமும் பாதி. அவரைக் குறை சொல்லவில்லை; பணம் போடுகிறவர் லாபம் எதிர்பார்ப்பது நியாயம். ஆனால் இரண்டாவது கோடை சீசன் முடியும்போது உங்களுக்குக் கசப்பு வரும், அதை வெளியே சொல்லவும் முடியாது. சின்னத் தொழில்களில் நட்பு முறிந்து என் அலுவலகத்துக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் நஷ்டத்தால் பிரிந்தவர்கள் இல்லை. சுமாராக லாபம் வந்து, யாருக்கு எவ்வளவு என்று முன்பே பேசிக்கொள்ளாமல் விட்டதால் பிரிந்தவர்கள்.

அதே 3 லட்சத்தை ஆண்டுக்கு 12 சதவீத வட்டிக்குக் கடனாக வாங்கினால் முதல் வருட வட்டி அதிகபட்சம் 36,000 ரூபாய். அந்த வட்டி உங்கள் தொழில் செலவில் கழியும். மீதி 5,64,000 உங்கள் வருமானம். 2025-26 நிதியாண்டு முதல் புதிய வரி முறையில் தனிநபரின் மொத்த வருமானம் 12 லட்சம் வரை இருந்தால் தள்ளுபடி போக வரி இல்லை என்பதால், இந்த வருமானத்துக்கு நீங்கள் கட்ட வேண்டிய வரி பூஜ்யம். கடனை 36 மாதத் தவணையில் அடைத்தால் மாதம் சுமார் 10,000 ரூபாய் வரும். உங்கள் தொழிலில் மார்ச் முதல் ஜூன் வரை கை நிறையும், ஐப்பசி மழையில் போனே அடிக்காது. அதனால் சீசனில் அதிகமாகவும் மற்ற மாதங்களில் குறைவாகவும் தவணையைப் பேசி வையுங்கள். லாபம் நன்றாக வருகிற வருடம் கூடுதலாக ஒரு தொகை தருவதாகக்கூட எழுதிக்கொள்ளலாம். கடன் கொடுத்தவர் லாபத்தில் ஒரு பகுதி வாங்கினார் என்பதாலேயே அவர் கூட்டாளி ஆகிவிடமாட்டார் என்பதைச் சட்டமே ஏற்கிறது. ஆனால் அது கடன் என்று காகிதத்தில் தெளிவாக இருக்க வேண்டும்.

பணத்தைக் கட்டாயம் வங்கி வழியாக வாங்குங்கள். 20,000 ரூபாயோ அதற்கு மேலோ கடனை ரொக்கமாக வாங்கினால் வாங்கிய தொகை அளவுக்கே அபராதம் விதிக்க வருமான வரிச் சட்டத்தில் இடம் இருக்கிறது. புரோநோட்டோடு நிறுத்தாமல், தவணை, வட்டி, முன்கூட்டியே அடைக்கும் உரிமை எல்லாம் உள்ள ஒரு பக்கக் கடன் ஒப்பந்தமும் எழுதுங்கள். இது உங்களுக்கு மட்டுமல்ல, அவருக்கும் பாதுகாப்பு. தொழில் படுத்தால் கூட்டாளியாக இருப்பவர் நஷ்டத்திலும் பாதி சுமக்க வேண்டும், கடன் கொடுத்தவருக்கு அந்தச் சுமை இல்லை. இதை அவரிடம் சொல்லுங்கள். பாதி லாபம் கேட்கும்போது பாதி நஷ்டமும் கூடவே வருகிறது என்பதை அவர் யோசித்திருக்கமாட்டார். வெளியில் தொழில் பங்கு வைத்துக்கொள்ள அவருடைய வேலை ஒப்பந்தம் அனுமதிக்கிறதா என்பதையும் அவர் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அவர் ஒப்புக்கொள்ளாமல், பங்குதான் வேண்டும் என்றால்? அப்போது சாதாரணப் பார்ட்னர்ஷிப், எல்எல்பி என்று இரண்டு வழி. சாதாரணப் பார்ட்னர்ஷிப்பில் ஒவ்வொரு கூட்டாளியும் தொழிலின் முழுக் கடனுக்கும் பொறுப்பு. பாதிப் பங்குக்காரர் பாதிக் கடனுக்குத்தான் பொறுப்பு என்பது வெளியாரிடம் செல்லாது. கடன் கொடுத்தவர் யாரிடம் சொத்து இருக்கிறதோ அவரிடம்தான் வருவார். சொத்து இருப்பது உங்களிடம். தொழிலின் வழக்கமான காரியத்துக்கென்று நண்பர் ஃபர்ம் (கூட்டு நிறுவனம்) பெயரில் கையெழுத்துப் போட்டாலும் அது உங்களைக் கட்டும். பார்ட்னர்ஷிப் டீட் எழுதி நோட்டரியிடம் கையெழுத்து வாங்கிவிட்டால் பதிவு முடிந்தது என்று நினைக்கிறவர்களும் நிறைய. அது பதிவு இல்லை. நம் மாநிலத்தில் ஃபர்ம் பதிவு பதிவுத்துறையின் மாவட்டப் பதிவாளரிடம் நடக்கிறது. பதிவு செய்யாத ஃபர்ம், பில் பாக்கி வைத்த வாடிக்கையாளர் மேல் ஒப்பந்தத்தின் பேரில் வழக்குப் போட முடியாது. கூட்டு வணிகச் சட்டத்தின் 69-ஆம் பிரிவு தடுக்கிறது. ஏஎம்சி எடுத்து நடத்துகிறவருக்கு இது பெரிய ஓட்டை. இன்னொன்று, இரண்டே பேர் உள்ள ஃபர்மில் ஒருவர் இறந்தால் ஃபர்மே இல்லாமல் போகிறது. வாரிசு தொடரலாம் என்று டீடில் எழுதியிருந்தாலும், மிச்சம் இருப்பது ஒரே ஆள் என்பதால் கூட்டு நிற்காது. வாரிசோடு புதிதாகத்தான் தொடங்க வேண்டும்.

வரியும் கூட்டுக்குச் சாதகமாக இல்லை. ஃபர்முக்கும் எல்எல்பிக்கும் அடிப்படை விலக்கு கிடையாது, முதல் ரூபாயிலிருந்தே 30 சதவீதம், அதன் மேல் 4 சதவீத செஸ். உழைக்கும் கூட்டாளியின் சம்பளத்தையும் முதலீட்டுக்கு 12 சதவீதம் வரை வட்டியையும் கழிக்கலாம். உங்கள் 6 லட்சத்தில் நண்பரின் முதலீட்டு வட்டி 36,000 போனால் 5,64,000. அதில் 90 சதவீதம் வரை, அதாவது 5,07,600 வரை, உங்களுக்குச் சம்பளமாகக் காட்டலாம். மிச்சமுள்ள 56,400-க்கு வரி ஏறத்தாழ 17,600 ரூபாய். இது குறைவுதானே என்று தோன்றும். ஆனால் வேலை செய்யாத கூட்டாளியின் சம்பளத்தைச் செலவாகக் கழிக்க முடியாது. அவருக்குப் பாதி வேண்டுமென்றால் உங்கள் சம்பளத்தைக் குறைத்துப் பெரிய தொகையை லாபமாக நிறுத்த வேண்டும். அந்தத் தொகை முழுவதற்கும் 31.2 சதவீதம் போய்விடும். தனியாக நடத்தினால் ஒரு ரூபாயும் வரி வராத வருமானத்துக்கு, இந்த ஏற்பாட்டால் மட்டும் வரி கட்டுவீர்கள். 2025 ஏப்ரல் முதல் கூட்டாளிக்குக் கொடுக்கும் சம்பளம், வட்டி வருடத்தில் 20,000 ரூபாயைத் தாண்டினால் ஃபர்ம் 10 சதவீதம் டிடிஎஸ் (கொடுக்கும்போதே பிடிக்கும் வரி) பிடித்துக் கட்டவும் வேண்டும். அதற்கு டான் எண் (வரி பிடிப்பவருக்கான எண்), காலாண்டுத் தாக்கல் என்று வேலை நீளும்.

இத்தனைக்குப் பிறகும் கூட்டு என்றால் எல்எல்பியைச் சொல்வதற்குக் காரணம், நண்பர் செய்யும் தவறு உங்கள் வீடு வரை வராது, உங்கள் தவறு அவர் சம்பளம் வரை போகாது. ஆனால் எல்எல்பியிலும், வருடத்தில் ஒன்றும் விற்காவிட்டால்கூட மே 30-க்குள் படிவம் 11 (ஆண்டறிக்கை), அக்டோபர் 30-க்குள் படிவம் 8 (கணக்கறிக்கை) போட வேண்டும். ஆண்டு விற்பனை 40 லட்சத்தையும் முதலீடு 25 லட்சத்தையும் தாண்டாத வரை ஆடிட் கட்டாயம் இல்லை. எல்எல்பி ஒப்பந்தத்தை மாதிரிப் படிவத்திலிருந்து நகல் எடுக்காதீர்கள். அதில் நான்கு விஷயம் உங்கள் வார்த்தையில் இருக்க வேண்டும்: உங்கள் மாதச் சம்பளம், நண்பர் விலக நினைத்தால் அவர் பங்குக்கு விலை எப்படிப் போடுவது, எத்தனை மாதத்தில் கொடுப்பது, விலகிய பிறகு வாடிக்கையாளர் எண்களும் கடைப் பெயரும் யாருக்கு. விலகும் பேச்சைத் தொடக்கத்திலேயே எடுப்பது அபசகுனம் என்று சொல்வார்கள். நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். மனம் நன்றாக இருக்கும் நாளில்தான் நியாயமான விலை பேச வரும்.

இனி கன்சல்டன்ட் சொன்ன பிரைவேட் லிமிடெட். பதிவு எளிது என்பது உண்மை. 2015-க்குப் பிறகு குறைந்தபட்ச முதலீடு என்ற நிபந்தனையும் இல்லை. சிரமம் பதிவு முடிந்த மறுநாள் தொடங்குகிறது. ஒரு ரூபாய் வியாபாரம் இல்லாவிட்டாலும் வருடா வருடம் ஆடிட் கட்டாயம். நிதியறிக்கையும் ஆண்டறிக்கையும் தனித்தனியாகப் போட வேண்டும். தாமதமானால் ஒவ்வொரு படிவத்துக்கும் நாளொன்றுக்கு 100 ரூபாய் ஏறும், அதற்கு உச்சவரம்பும் இல்லை. மூன்று வருடம் தொடர்ந்து தாக்கல் செய்யாவிட்டால் இயக்குநர் ஐந்து வருடத்துக்குத் தகுதியிழப்பார். 2017-இல் இப்படித் தாக்கல் செய்யாமல் கிடந்த இரண்டு லட்சத்துக்கும் அதிகமான கம்பெனிகளை அரசு பதிவிலிருந்து நீக்கியது. மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட இயக்குநர்கள் தகுதியிழந்தார்கள். அவர்களில் பலர் மோசடிக்காரர்கள் இல்லை, யாரோ சொன்னார்கள் என்று கம்பெனி போட்டுவிட்டு மறந்தவர்கள். கம்பெனிக் கணக்கில் இருக்கும் பணம் உங்கள் பணமும் அல்ல. பிள்ளைக்கு ஸ்கூல் ஃபீஸ் கட்ட அதிலிருந்து எடுத்தால் சம்பளம் என்றோ ஈவுத்தொகை என்றோ காட்ட வேண்டும். கடன் என்று எழுதினால் கம்பெனிச் சட்டமும் வரிச் சட்டமும் சேர்ந்து கேள்வி கேட்கும். தனி ஆளே நடத்தும் ஒருநபர் கம்பெனி என்றும் ஒரு வகை உண்டு. அதற்கும் ஆடிட் உண்டு, உங்களுக்கு அதுவும் இப்போது தேவையில்லை.

அம்மாவின் பயத்துக்கு வருகிறேன். அது நியாயமான பயம். தனிநபர் தொழிலில் தொழில் கடனும் உங்கள் கடனும் ஒன்றுதான்; வீட்டுக்கு அது வரலாம். ஆனால் உங்கள் தொழிலில் உண்மையான ஆபத்து எங்கே இருக்கிறது? கடன் வாங்கிச் சரக்கு அடுக்கப்போவதில்லை. ஆபத்து மூன்றாவது மாடியில் சரியாக இறுக்காத ஸ்டாண்டில் இருக்கிறது. வயரிங் தவறால் பிடிக்கும் தீயில் இருக்கிறது. ஆர்32, ஆர்290 மாதிரி தீப்பற்றக்கூடிய கேஸ் உள்ள மெஷினில் பழக்கமில்லாத பையன் பற்றவைக்கும் டார்ச்சை வைப்பதில் இருக்கிறது. இதையெல்லாம் நீங்களே செய்து, உங்கள் கவனக்குறைவால் ஒருவருக்குக் காயம் பட்டால், கம்பெனி இருந்தாலும் எல்எல்பி இருந்தாலும் உங்கள் சொந்தத் தவறுக்கு நீங்கள் பொறுப்பாளிதான். எல்எல்பி சட்டம் இதை வெளிப்படையாகவே சொல்கிறது. வங்கிக் கடனிலும் இதே நிலைமை: சின்னக் கம்பெனிக்குக் கடன் தரும் வங்கி பெரும்பாலும் இயக்குநரின் சொந்த ஜாமீனைக் கேட்கும். அதில் கையெழுத்துப் போட்ட பிறகு லிமிடெட் என்ற வார்த்தை வீட்டைக் காக்காது.

வீட்டைக் காப்பது இன்சூரன்ஸ். கம்பெனிப் பதிவுக்கும் வருடாந்திர ஆடிட்டுக்கும் போகிற பணத்தில் இரண்டு பாலிசி எடுங்கள். ஒன்று, வாடிக்கையாளருக்கோ அவர் சொத்துக்கோ நேரும் சேதத்துக்கான பொதுப் பொறுப்புக் காப்பீடு. மற்றொன்று, உங்கள் இரண்டு பையன்களுக்கான தொழிலாளர் இழப்பீட்டுக் காப்பீடு. வேலையில் காயம்படும் தொழிலாளிக்கு முதலாளி இழப்பீடு தர வேண்டும் என்பது 1923 முதல் நம் சட்டத்தில் இருக்கிறது. ஆள் இரண்டே பேர் என்பதாலோ, தினக்கூலி என்பதாலோ அந்தப் பொறுப்பு போகாது. பையன்களின் பெயர், சம்பளம், சேர்ந்த தேதி பாலிசியில் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். உயரத்தில் ஏறுகிறவருக்கு பெல்ட் வாங்கிக் கொடுங்கள், அதை மாட்டாமல் ஏற விடாதீர்கள். என்னிடம் கேட்டால் எந்தச் சட்ட வடிவத்தையும்விட இதற்குத்தான் முதல் பணம்.

வீட்டை மனைவி பெயருக்கு எழுதிவிடலாமா என்று யாராவது யோசனை சொல்லியிருப்பார்கள். கடன்காரர்களை ஏமாற்ற எழுதப்பட்ட மாற்றத்தை அவர்கள் நீதிமன்றத்தில் ரத்து செய்யக் கேட்கலாம். வீட்டுக் கடன் ஓடும்போது வங்கியின் சம்மதமும் வேண்டும். அதில் இறங்காதீர்கள்.

செய்ய வேண்டிய காரியங்களுக்கு வருகிறேன். உத்யம் என்பது சிறுதொழில்களுக்கான மத்திய அரசின் பதிவு, இலவசம். ஆதாரும் பான் கார்டும் வைத்து நீங்களே ஆன்லைனில் செய்யலாம், யாருக்கும் பணம் தர வேண்டாம். அந்தச் சான்றிதழோடு மாநகராட்சி உரிமம் போன்ற இன்னொரு ஆதாரமும் கொடுத்துக் கடைப் பெயரில் கரண்ட் அக்கவுண்ட் திறங்கள். க்யூஆர் கோடும் அந்தக் கணக்குக்கே இருக்கட்டும். உத்யம் வெறும் காகிதம் இல்லை. அந்த அலுவலகம் பில்லை மாதக்கணக்கில் இழுத்தடித்தால், உத்யம் பதிவுள்ள சிறுதொழிலுக்கு அதிகபட்சம் 45 நாளில் பணம் தர வேண்டும் என்ற சட்டத்தைக் காட்டலாம். தாண்டினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி உண்டு. ஏஎம்சி ஒப்பந்தத்திலேயே பணம் தரும் கெடுவை எழுதுங்கள். மானியத்தோடு கடன் வாங்கும் எண்ணம் இருந்தால், தொடங்குவதற்கு முன்பே மாவட்டத் தொழில் மையத்தில் விசாரியுங்கள். புதுத் தொழிலுக்கான மானியம் ஏற்கெனவே நடக்கும் கடைக்குக் கிடைக்காது.

ஜிஎஸ்டி எண் வருடத்துக்கு 20 லட்சம் தாண்டும்போதுதான் கட்டாயம். சர்வீஸும் உதிரிபாகமும் சேர்ந்தே அந்தக் கணக்கு. சரக்கு மட்டும் விற்பவர்களுக்கான உயர்ந்த வரம்பு உங்களுக்குப் பொருந்தாது. 14 லட்சத்தில் இருக்கும்போது வலிய எடுத்தால் வீட்டு வாடிக்கையாளர்களிடம் 18 சதவீதம் கூடுதலாகக் கேட்க வேண்டிவரும். அலுவலகம் எண் கேட்டால், வரம்புக்குள் இருப்பதால் பதிவு இல்லை என்று லெட்டர்ஹெட்டில் எழுதிக் கொடுங்கள். மாதா மாதம் மொத்தத்தைக் கூட்டிப் பாருங்கள், 17 லட்சம் வந்ததும் ஆடிட்டரிடம் போங்கள். அந்த அலுவலகம் ஒப்பந்தப் பணத்தில் டிடிஎஸ் பிடித்தால், தனிநபருக்கு 1 சதவீதம், ஃபர்முக்கோ கம்பெனிக்கோ 2 சதவீதம். ரிட்டர்ன் போட்டு அதைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம். வரி இல்லை என்பதற்காக ரிட்டர்ன் போடாமல் இருக்காதீர்கள். நாளைக்கு வேன் கடனுக்கு வங்கி முதலில் கேட்பது அதைத்தான். விற்பனையில் 6 அல்லது 8 சதவீதம் லாபம் காட்டினால் போதும் என்ற எளிய முறை உங்களுக்கு உண்டு. ஆனால் 6 லட்சம் சம்பாதித்துவிட்டு 1 லட்சம் என்று காட்டினால், வரி இரண்டுக்கும் பூஜ்யம்தான், கடன் கிடைக்கும் தகுதி மட்டும் போய்விடும்.

தனிநபர் தொழிலின் உண்மையான பலவீனம் ஒன்று உண்டு. நீங்கள் படுத்தால் கடையும் படுக்கும். கரண்ட் அக்கவுண்ட்டில் நாமினி போடுங்கள். உங்களால் முடியாத நாளில் பையன்களுக்குச் சம்பளம் கொடுக்க, கணக்கை இயக்கும் அதிகாரத்தை மனைவிக்கோ நம்பகமான ஒருவருக்கோ வங்கியில் எழுதிக் கொடுங்கள். ஏஎம்சி ஒப்பந்தங்களின் நகல் வீட்டில் ஓர் இடத்தில் இருக்கட்டும்.

பிறகு எப்போது மாற்றுவது? உங்களைப் போலவே கைதேர்ந்த ஒரு மெக்கானிக் முழுநேரமாக வந்து பங்கு கேட்கும்போது, பெரிய ஆஸ்பத்திரியோ ஆலையோ டெண்டரில் கம்பெனிதான் வேண்டும் என்று நிபந்தனை போடும்போது, நீங்கள் நேரில் பார்க்காத வேலைகளை உங்கள் ஆட்கள் செய்யத் தொடங்கும்போது. அந்தக் கடைசி நிலையில்தான் வரையறுக்கப்பட்ட பொறுப்பு உங்களுக்கு உண்மையில் பயன்படும். அப்போது புதிய பான், புதிய வங்கிக் கணக்கு, ஒப்பந்தங்களை மாற்றி எழுதுவது என்று ஒரு மாத அலைச்சல் இருக்கும், அவ்வளவுதான்.

போர்டு விஷயம். உங்களுக்குப் பிடித்த பெயரோடு ஏசி சர்வீஸ் என்று போடுங்கள். பதிவு இல்லாமல் லிமிடெட், பிரைவேட் லிமிடெட் என்று போர்டிலோ கார்டிலோ போட்டால் நாளொன்றுக்கு 500 முதல் 2,000 ரூபாய் வரை அபராதம். கம்பெனிகளின் லோகோவைப் போட்டு அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் என்று எழுதவும் வேண்டாம். எல்லா பிராண்டும் பார்க்கப்படும் என்று எழுத்தில் சொன்னால் போதும். கார்டு அடிக்கக் கொடுக்கும் முன் உத்யம் பதிவில் எந்த எழுத்துக்கூட்டலில் பெயர் கொடுத்தீர்களோ அதே எழுத்துக்கூட்டல் கார்டிலும் பில்லிலும் இருக்கிறதா என்று ஒருமுறை ஒப்பிட்டுப் பாருங்கள். ஓர் எழுத்து மாறினாலும் அந்தப் பெயரில் வரும் செக்கை வங்கி திருப்பி அனுப்பலாம்.